கடனாளி கட்டிய நாடாளுமன்றம்

பி.காம். படிப்பவர்களுக்கு ஒரு சின்னக் கணக்கு.

ஒரு கட்டடக் கலை அலுவலகம். உரிமையாளர் ஒரே ஒருவர், வயது 73. வேலைக்குப் பஞ்சமே இல்லை. அமெரிக்கக் கட்டடக் கலைஞர்கள் கழகத்தின் தங்கப் பதக்கம் 1971-ல் கிடைத்தது, பிரிட்டனின் தங்கப் பதக்கம் அடுத்த வருடமே வந்தது. அமெரிக்காவில் அருங்காட்சியகம், இந்தியாவில் கல்லூரி, பக்கத்து நாட்டில் நாடாளுமன்றம் என்று வேலை கண்டம் விட்டுக் கண்டம் பரவியிருக்கிறது. ஆனால் 1974-ல் அவர் இறந்தபோது ஐந்தொகை போட்டுப் பார்த்தால் கடன் சுமார் ஐந்து லட்சம் டாலர். அந்தக் காலத்து டாலர்! இந்தத் தொழில் வெற்றியா, தோல்வியா?

தேர்வில் "நொடிப்பு நிலை" என்று எழுதினால் முழு மதிப்பெண் கிடைக்கும். சரியான விடைதான். ஆனால் அந்த உரிமையாளர் பெயர் லூயி கான் என்று தெரிந்ததும் பலரும் விடையை மாற்றிவிடுகிறார்கள். "பணத்தைப் பற்றிக் கவலைப்படாத மகா கலைஞன்" என்று உருகத் தொடங்கிவிடுகிறார்கள். அந்த உருகலில் ஒரு பெரிய கேள்வி காணாமல் போகிறது. கடன் என்று ஒன்று இருந்தால் கடனீந்தோர் என்றும் சிலர் இருந்தாக வேண்டுமே, அவர்கள் யார்?

(ஒரு குழப்பத்தை முதலிலேயே தீர்த்துவிடலாம். சிகாகோ சியர்ஸ் டவரின் பொறியாளர் ஃபஸ்லூர் ரஹ்மான் கான் வேறு, இவர் வேறு. அவர் டாக்காவில் பிறந்து அமெரிக்கா போனவர். இவர் அமெரிக்காவிலிருந்து டாக்காவுக்குப் போனவர்.)

லூயி கான் 1901-ல் எஸ்டோனியாவில் ஓர் ஏழை யூதக் குடும்பத்தில் பிறந்தார். அன்று அது ரஷ்யப் பேரரசின் பகுதி. சின்ன வயதில் நெருப்புக் கங்கு பட்டு முகம் வெந்தது. அந்தத் தழும்பு கடைசிவரை இருந்தது. 1906-ல் குடும்பம் ஃபிலடெல்பியாவுக்குக் குடிபெயர்ந்தது. மௌனப் படம் ஓடும் தியேட்டர்களில் பியானோ வாசித்துச் சம்பாதித்தார். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் 1924-ல் பட்டம் பெற்றார். கொஞ்ச வருடங்களில் பொருளாதாரப் பெருமந்தம் வந்தது. யாரும் எதுவும் கட்டாத காலத்தில் கட்டடக் கலைஞருக்கு என்ன வேலை இருக்கும்? குடியிருப்புத் திட்டங்கள், நகரத் திட்டங்கள், எழுத்து, பேச்சு என்று வருடங்கள் ஓடின. பெயர் சொல்லும்படியான முதல் பெரிய கட்டடம் யேல் பல்கலைக்கழகத்தின் கலைக்கூடம். அது திறக்கப்பட்டது 1953-ல். அவருக்கு அப்போது 52 வயது!

நம் ஊரில் அரசு ஊழியர்கள் ஓய்வூதியக் கணக்குப் போடத் தொடங்கும் வயது அது. இன்று அவர் பெயரைச் சொன்னதும் நினைவுக்கு வரும் கட்டடங்களில் ஏறக்குறைய எல்லாமே அதற்குப் பிந்திய இருபது வருடங்களில் வந்தவை. இந்தத் தாமதத்துக்கு 1950-51-ல் ரோமில் தங்கி, கிரேக்கம், எகிப்து என்று சுற்றியதும் ஒரு காரணம். அங்கே பார்த்த இடிபாடுகள் அவரை விடவே இல்லை. கண்ணாடியும் இரும்புமாக எல்லோரும் மெல்லிய கட்டடங்களைக் கட்டிக்கொண்டிருந்தபோது, இவர் கனத்த சுவரும் பெரிய ஓட்டைகளும் உள்ளே விழும் வெளிச்சமுமாக யோசிக்க ஆரம்பித்தார்.

சரி, பணம் எங்கே போனது?

கலிஃபோர்னியாவில் லா ஹோயாவில் இருக்கும் சால்க் ஆய்வு நிறுவனத்தைப் பார்த்தால் பாதி விடை கிடைக்கும். போலியோ தடுப்பூசி கண்டுபிடித்த ஜோனஸ் சால்க்தான் வாடிக்கையாளர். நான்கு ஆய்வகங்கள், இடையில் இரண்டு தோட்டங்கள் என்று கான் போட்ட திட்டம் முடிந்து, ஒப்பந்தத்துக்குத் தயாராக இருந்த நிலையில் சால்க் மனசு மாறி, இது சரிப்படாது, மறுபடி யோசிக்கலாம் என்றார். வேறு யாராக இருந்தாலும் "அதற்குத் தனி பில்" என்று ஆரம்பித்திருப்பார்கள். கான் சந்தோஷமாக எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுவிட்டு முதலிலிருந்து வரைந்தார். அப்படி வந்ததுதான் இப்போது இருக்கும் வடிவம்: இரண்டு ஆய்வகக் கட்டடங்கள், நடுவே ஒரு முற்றம், அதன் கடைசியில் பசிபிக் கடல். அந்த முற்றத்தில் மரம் நடுவதாகத்தான் இருந்தார். மெக்சிகோவின் லூயி பராகான் வந்து பார்த்து, இங்கே ஒரு இலைகூட வேண்டாம், வெறும் தளமாக விட்டுவிடுங்கள் என்றார். தன் யோசனையைவிட அது நல்ல யோசனை என்று தெரிந்ததும் கான் ஏற்றுக்கொண்டார்.

கட்டடத்துக்கு இது கொள்ளை லாபம். அலுவலகத்துக்கு? ஒரு வேலையை மூன்று முறை, நான்கு முறை வரைந்தால் மூன்று, நான்கு மடங்கு சம்பளச் செலவு. கிடைக்கும் கட்டணமோ ஒரு முறைக்குத்தான். செலவுக் கணக்கியல் முதல் அத்தியாயம் படித்தவர்களுக்கே இது புரியும். கானுக்கும் புரியாமல் இருந்திருக்காது. கையில் இருக்கும் வரைபடம் சுமாரானது என்று தெரிந்த பிறகு அதைக் கட்ட அவரால் முடியவில்லை, அவ்வளவுதான்.

இங்கேதான் அந்தக் கடனீந்தோர் பட்டியல் வருகிறது.

அவர் மகன் நத்தானியேல் கான் 2003-ல் எடுத்த ஆவணப் படத்தில், கூட வேலை பார்த்தவர்கள் பேசுவதைக் கவனித்துக் கேளுங்கள். இரவு, வார இறுதி என்ற பேச்சே அந்த அலுவலகத்தில் இல்லை. கான் பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்திவிட்டு, விமானத்தில் வந்து இறங்கி, எந்த நேரத்தில் வருவாரோ அப்போது எல்லோரும் இருக்க வேண்டும். அவர்கள் வீட்டில் பிள்ளைகள் வளர்ந்தது அவர்களுக்குத் தெரியாது. ஆன் டிங் என்ற கட்டடக் கலைஞர் 1945 முதல் அவருடன் வேலை செய்தவர். கானின் வடிவங்களில் முக்கோணமும் அறுகோணமும் நுழைந்ததில் டிங்கின் பங்கு பெரியது. ஆனால் அந்தக் காலப் புகழ் மாலைகளில் அவர் பெயர் அடிக்குறிப்பில்கூட வருவது அபூர்வம். கானுக்கும் அவருக்கும் ஒரு மகள் பிறந்தாள். கானுக்கோ ஏற்கெனவே மனைவியும் மகளும் இருந்தார்கள். நத்தானியேலின் தாய் மூன்றாமவர். மூன்று வீடுகள், மூன்று பிள்ளைகள், மூன்றும் ஒரே ஊர்ப்பக்கம். அந்தப் பிள்ளைகள் காத்திருந்த மாலைகள் எந்த ஏட்டிலும் பற்று எழுதப்படவில்லை.

இதையெல்லாம் சொல்வது அவர் ஒழுக்கத்துக்கு மார்க் போட அல்ல. "பணத்தை மதிக்காதவர்" என்பது கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் அவர் மதிக்காத பணத்தில் மற்றவர்களின் சம்பளமும் இருந்தது என்பதைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். கலைஞன் தன் கையிலிருந்து செலவு செய்தால் தியாகம். கூட இருப்பவர் கையிலிருந்து செலவானால் அதற்குக் கணக்குப் பதிவியலில் வேறு பெயர்.

1974 மார்ச் 17, ஞாயிற்றுக்கிழமை. அகமதாபாத்திலிருந்து திரும்பி வந்துகொண்டிருந்த கான், நியூயார்க் பென்சில்வேனியா ரயில் நிலையத்தின் கழிப்பறையில் மாரடைப்பால் இறந்தார். பாஸ்போர்ட்டில் வீட்டு முகவரி அடிக்கப்பட்டிருந்தது என்று அந்தப் படம் சொல்கிறது. குடும்பத்துக்குத் தகவல் போகாமல் உடல் நாள் கணக்கில் பிணவறையில் கிடந்தது. உலகின் மிகப் பெரிய நாடாளுமன்ற வளாகங்களில் ஒன்று அவர் வரைபடப்படி எழும்பிக்கொண்டிருந்த நேரம் அது.

பிறகு பென்சில்வேனியா மாநில அரசு அவர் அலுவலகத்தின் வரைபடங்களையும் மாதிரிகளையும் விலைக்கு வாங்கியது. அந்தப் பணம் கடனை அடைக்க உதவியது. விநோதத்தைப் பாருங்கள். திரும்பத் திரும்ப வரைந்ததால் வந்த கடன், அப்படி வரைந்து குவிந்த காகிதங்களை விற்றுத்தான் அடைந்தது. செலவு என்று எழுதி மூடிய கணக்கு சொத்தாக எழுந்து வந்தது!

இனி டாக்கா. அவர் தொழில் வாழ்க்கையை ஒரே கட்டடத்தில் பார்க்க வேண்டும் என்றால் இதைத்தான் பார்க்க வேண்டும்.

அயூப் கான் ஆட்சியில், கிழக்குப் பாகிஸ்தான்காரர்களின் மனக்குறையைத் தணிக்க, டாக்காவில் ஒரு 'இரண்டாம் தலைநகரம்' கட்டலாம் என்று முடிவானது. பச்சையாகச் சொன்னால் ஆறுதல் பரிசு. அந்த வேலை முதலில் போனது மசாருல் இஸ்லாம் என்ற உள்ளூர் கட்டடக் கலைஞரிடம். வாழ்நாளில் ஒரு முறைகூட யாருக்கும் வராத வாய்ப்பு. அவர் என்ன செய்தார்? உலகத்தின் மிகச் சிறந்த ஒருவர் இதைச் செய்யட்டும், இங்குள்ள இளைஞர்கள் பார்த்துக் கற்றுக்கொள்ளட்டும் என்று வேலையைத் தள்ளிவிட்டார். லெ கொர்பூசியேவும் அல்வார் ஆல்டோவும் அமையாமல், 1962-ல் கானிடம் வந்தது. கானைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகிறவர்கள் மசாருல் இஸ்லாமுக்கு ஒரு வரியோடு நிறுத்திக்கொள்வது நியாயமே இல்லை. கடனீந்தோர் பட்டியலில் முதல் பெயராக எழுதப்பட வேண்டியது அவர் பெயர். 2012-ல் காலமானார்.

சுமார் 200 ஏக்கர். நடுவில் எண்கோணப் பேரவை, அதைச் சுற்றி எட்டுத் தொகுதிகள், சுற்றிலும் தண்ணீர். நடுக் கட்டடம் 155 அடி உயரம். வெளிச் சுவர்களில் வட்டமும் முக்கோணமுமாகப் பிரம்மாண்ட ஓட்டைகள். வெயிலும் மழையும் அங்கேயே நின்றுகொள்ள, வெளிச்சம் மட்டும் உள்ளே வரும். தொழுகைக் கூடம் மட்டும் மெக்காவை நோக்கிக் கொஞ்சம் திரும்பி, மொத்த வரைபடத்தின் கோட்டை மீறி நிற்கும்.

கட்டியது எப்படி என்பதுதான் இன்னும் சுவாரஸ்யம். கிரேன்கள் அணிவகுத்து நிற்கவில்லை. மூங்கில் சாரம், தலையில் சட்டி, ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள். ஒரு நாளைக்கு ஐந்தடி உயரம்தான் கான்கிரீட் ஊற்ற முடியும். ஒரு நாள் வேலைக்கும் மறுநாள் வேலைக்கும் நடுவே விழும் மூட்டு கோணல்மாணலாக இருக்கும். கான் அதை மறைக்க மேல்பூச்சு பூசவில்லை. ஐந்தடிக்கு ஒரு வெள்ளைப் பளிங்குப் பட்டையாக அந்த மூட்டுகளின் மேல் ஓடவிட்டார். இன்று அந்தக் கட்டடத்தின் முகமே அந்த வெள்ளைக் கோடுகள்தான். உற்றுப் பார்த்தால் தொழிலாளர்களின் ஒவ்வொரு நாள் வேலையும் சுவரில் எண்ணக் கிடைக்கும்.

1971-ல் போர் வந்தது. வேலை நின்றது. பாதிக் கட்டடமாக ஓட்டை ஓட்டையாக நின்றதைப் பார்த்து, இது ஏதோ பழைய இடிபாடு என்று நினைத்து விமானிகள் குண்டு போடாமல் போய்விட்டார்கள் என்று ஒரு கதை உலவுகிறது. நம்புவது உங்கள் இஷ்டம் :-) ஆனால் ரோம இடிபாடுகளைக் காதலித்தவருக்கு இதைவிட நல்ல கதை அமையாது.

ஒப்பந்தச் சட்டம் படிக்கிறவர்கள் இங்கே கொஞ்சம் நிற்கலாம். வேலை கொடுத்தது பாகிஸ்தான். வேலை முடியும்போது அந்த இடத்தில் இருந்தது வங்கதேசம். புதிதாகப் பிறந்த நாடு, போரில் நொறுங்கிய நாடு. 1970 புயலில் லட்சக்கணக்கானோர் செத்த சோகம் வேறு. "பழைய அரசாங்கம் போட்ட ஆடம்பரத் திட்டம், எங்களுக்கு வேண்டாம்" என்று சொல்லியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க முடியாது. சொல்லவில்லை. வேலையைத் தொடர்ந்தார்கள். கான் இறந்த பிறகு அவர் அலுவலகத்தில் எஞ்சிய டேவிட் விஸ்டம், ஹென்றி வில்காட்ஸ் போன்றவர்கள் கூடவே இருந்து முடித்துக் கொடுத்தார்கள். 1982 ஜனவரி 28 அன்று திறப்பு விழா. மொத்தச் செலவு சுமார் 3.2 கோடி டாலர்.

அது சரியான செலவா?

சோற்றுக்கு வழியில்லாத நாட்டில் இவ்வளவு பெரிய மாளிகை எதற்கு என்ற கேள்வியை மேட்டிமைத்தனம் என்று தள்ளிவிட முடியாது. கேட்க வேண்டிய கேள்விதான். மறுபக்கம், "கான்தான் வங்கதேசத்துக்கு ஜனநாயகத்தைக் கொடுத்தார்" என்கிற அளவுக்குப் போகிறவர்களும் இருக்கிறார்கள். அது அதைவிட மோசமான மிகை. அந்தப் புதுக் கட்டடத்தில் பேரவை முதன்முதலாகக் கூடியது 1982 பிப்ரவரி 15. மார்ச் 24 அன்று ராணுவத் தளபதி எர்ஷாத் ஆட்சியைப் பிடித்துவிட்டார். ஆறு வாரத்துக்குள் கதை முடிந்தது. எவ்வளவு நல்ல கான்கிரீட்டாக இருந்தாலும் ராணுவ லாரியை அது தடுக்காது.

ஆனாலும் அந்தச் செலவு வீண் இல்லை. காரணம் எளிது. அந்த நாட்டில் ஆட்சிகள் வந்தன, போயின. தலைவர்களின் பெயர்களும் படங்களும் மாறின. யாரும் சண்டை போடாமல் எல்லோரும் 'இது எங்களுடையது' என்று சொல்லும் பொருள்கள் அங்கே ரொம்பக் குறைவு. இந்தக் கட்டடம் அதில் ஒன்று. அவர்கள் பணத்தாளில் அச்சாகியிருக்கிறது. 2024 ஆகஸ்ட் 5 அன்று ஷேக் ஹசீனா நாட்டை விட்டுப் போன மதியம், கூட்டம் இதற்குள்தான் புகுந்து உறுப்பினர் நாற்காலிகளில் ஏறி உட்கார்ந்தது. 2025 அக்டோபர் 17 அன்று ஜூலை சாசனத்தில் கட்சிகள் கையெழுத்துப் போட்டதும் இதன் தெற்கு முற்றத்தில்தான். கோபத்தையும் சமாதானத்தையும் கொண்டுபோய் வைக்க ஒரு பொது இடம் ஒரு நாட்டுக்குத் தேவைப்படுகிறது. அந்த இடத்தை யாரோ ஒருவர் நஷ்டத்தில் வரைந்திருந்தார்.

கடைசியாக அகமதாபாத். சிஏடி எழுதக் கனவு காணும் வகுப்புத் தோழர்களுக்கு இது நெருங்கிய சமாசாரம்.

விக்ரம் சாராபாய், கஸ்தூர்பாய் லால்பாய், பாலகிருஷ்ண தோஷி (2018-ல் பிரிட்ஸ்கர் பரிசு பெற்றவர், 2023-ல் மறைந்தார்) ஆகியோர் முயற்சியில் 1962-ல் ஐ.ஐ.எம். வளாகத்துக்குக் கான் வந்தார். இங்கே கான்கிரீட் வேண்டாம், செங்கல்லே போதும், அதுதான் இங்கே மலிவு, கொத்தனார்களுக்கும் கை பழகியது என்று முடிவு. பெரிய பெரிய செங்கல் வளைவுகள். வளைவு விரிந்துவிடாமல் இழுத்துப் பிடிக்க அடியில் ஒரு கான்கிரீட் கட்டை. இன்று 'ஐ.ஐ.எம். அகமதாபாத்' என்றதும் கண்ணில் வருவது அந்த வளைவுகள்தான். அந்த நற்பெயருக்கு விலை போட்டால் எத்தனை கோடி வரும்?

அப்படியிருக்க, 2020 டிசம்பரில் 18 விடுதிகளில் 14-ஐ இடித்துப் புதிதாகக் கட்டப்போவதாக நிர்வாகம் அறிவித்தது. உலகம் முழுக்க எதிர்ப்பு கிளம்ப, 2021 ஜனவரி 1 அன்று அந்த அறிவிப்பு வாபஸ் ஆனது. 2022 நவம்பரில் மறுபடியும் புதுப்பித்துக் கட்டும் பேச்சு வந்தது. சுவரில் நீர்க்கசிவு, 2001 நிலநடுக்க விரிசல், தரமில்லாத செங்கல், பெயர்ந்து விழும் பூச்சு என்று சொல்லப்பட்ட காரணங்கள் பொய் அல்ல. ஒழுகும் அறையில் படுத்திருக்கும் மாணவனிடம் போய் "இது மகா கலைஞனின் படைப்பு தம்பி, பொறுத்துக்கொள்" என்று அறிவுரை சொல்வது அயோக்கியத்தனம். வெளியூரில் உட்கார்ந்து மனுவில் கையெழுத்துப் போட்டவர்கள் அங்கே ஒரு மழைக்காலம் தங்கிப் பார்க்கலாம்.

ஆனால் இடிப்பதுதான் வழியா? அதே வளாகத்தில் அதே கான் கட்டிய நூலகம் அதே செங்கல்தான். அதைச் சோமையா அண்ட் கலப்பா நிறுவனம் சீரமைத்து, 2019-ல் யுனெஸ்கோவின் விருதும் கிடைத்தது. செய்ய முடியும் என்று அந்த வளாகமே நிரூபித்துவிட்டது. கட்டடத்துக்கு வருடாவருடம் தேய்மானம் எழுதுகிறோம், நேர்கோட்டு முறையோ குறைந்து செல் இருப்பு முறையோ. ஒரு நாள் ஏட்டில் மதிப்பு பூஜ்யத்தைத் தொடும், அல்லது அதை நெருங்கும். அன்று கட்டடம் காலாவதி என்று ஏடு சொல்லவில்லை. தேய்மானம் எதற்காக எழுதினோமோ அந்தப் பணத்தை எடுத்துப் பராமரிப்புக்குச் செலவு செய்தோமா என்பதுதான் கேட்க வேண்டியது. பல வருடம் ஒதுக்கி வைத்த பழுதுபார்ப்பை ஒரே பில்லாகச் சேர்த்து, அதைக் கானின் செங்கல் பெயரில் பற்று எழுதுவது நல்ல கணக்கு இல்லை. அதுவும் நாட்டுக்கே நிர்வாகம் சொல்லிக்கொடுக்கும் இடத்தில்!

நியூயார்க்கில் ரூஸ்வெல்ட் நினைவாகக் கான் வரைந்துவிட்டுப் போன பூங்கா ஒன்று உண்டு. பணம் இல்லை, நகரம் திவாலாகும் நிலை என்று பல காரணங்களால் கிடப்பில் போடப்பட்டது. அதை 2012-ல் கட்டித் திறந்தார்கள். அவர் செத்து 38 வருடம் கழித்து. கட்டாத வரைபடத்தைத் தேடி எடுத்து ஒரு ஊர் கட்டுகிறது. கட்டி, ஐம்பது வருடம் குடியிருந்த விடுதியை இன்னொரு ஊரில் இடிக்கப் பார்க்கிறார்கள். இடிப்பதற்கு முன்னால் அந்த நூலகத்துக்கு ஆன செலவு விவரத்தையும் விடுதிகளின் பராமரிப்புச் செலவு விவரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நிர்வாகம் வெளியிடட்டும். அங்கே படிக்கிறவர்களுக்கு வாசிக்கத் தெரியும்.